ஸ்பீக்கர் அழுத வீடுகள்

ஆயா செத்த அன்று, பாலக்கோட்டுப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்த என் அத்தை காலை பஸ்ஸில் வந்து இறங்கினார். இறங்கியதும் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தெருமுனையிலேயே குரலெடுத்தார். பந்தலில் உட்கார்ந்திருந்த பெண்கள் எழுந்து ஓடிப் பாதி வழியில் அவரைக் கட்டிக்கொண்டார்கள். பத்துப் பதினைந்து பேர் ஒரே கட்டாக, மெல்ல ஆடியபடி வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். அத்தை ஒரு அடி சொல்வார். அதன் வாலைப் பிடித்து மற்றவர்கள் இழுப்பார்கள்.

பெங்களூரிலிருந்து காரில் வந்திருந்த ஆபீஸ் நண்பர்களோடு நான் பந்தல் ஓரம் நின்றிருந்தேன். அவர்களில் ஒருவர் செல்போனைத் தூக்கிப் படம் பிடித்தார். எனக்குக் காது மடல் சுட்டது. நேராகப் போய், "அத்தை, கொஞ்சம் மெதுவா. வெளியாளுங்க வந்திருக்காங்க" என்றேன். அத்தை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். சொல்லிக்கொண்டிருந்த அடியை முடிக்கவில்லை. முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி சாமி" என்றார். பெற்ற தாய்க்கு அழ வந்த மகளின் வாயைப் பேரன் அடைத்தான். அதற்குப் பிறகு பந்தலில் விழுந்த அமைதி யாருக்கும் பிடிக்கவில்லை. அதை நிரப்ப ஸ்பீக்கர் செட்டைப் போடச் சொன்னோம். முகம் தெரியாத ஒருத்தி, யாருடைய அம்மாவுக்கோ ஸ்டூடியோவில் அழுத அழுகை, எங்கள் ஆயாவுக்காகச் சாயங்காலம் வரை ஓடியது.

சில வருடம் கழித்து அத்தையும் போனார். அப்போது யாரையும் அடக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. ஐஸ் பெட்டியைச் சுற்றி நாற்காலிகள் போட்டிருந்தார்கள். பெண்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். காரியம் முடிந்த அன்று அத்தை மகளிடம், "உங்கம்மா பாட்டு உனக்கு ஏதாச்சும் தெரியுமா?" என்று கேட்டேன். "எப்பக் கத்துக்கறது? எங்கம்மாவுக்கே ஸ்பீக்கர்தானே அழுதுச்சு, மாமா" என்றாள்.

இது என் ஒருவனோடு முடியும் தப்பு என்றால் வீட்டுக்குள்ளேயே அழுது தீர்த்திருப்பேன். பென்னாகரத்திலும் அரூரிலும் காரிமங்கலத்திலும் பாப்பிரெட்டிப்பட்டியிலும் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பிழைக்கப் போய்த் திரும்பிய என் தலைமுறை ஆண்களைக் கேட்டால், ஆளுக்கு ஒரு அத்தை இருப்பார். அதனால் "நாம்" என்றே எழுதுகிறேன்.

*

முதலில், நாம் எதைக் கைவிட்டோம் என்பதையாவது சரியாகச் சொல்ல வேண்டும்.

ஒப்புச் சொல்லி அழுவது ஒப்பாரி என்பார்கள். செத்தவரை மலைக்கும் மரத்துக்கும் மாடத்து விளக்குக்கும் ஒப்பிட்டு அழுவது. ஆனால் நம் ஊர்ப் பெண்கள் பெரும்பாலும் "சொல்லி அழறது" என்றுதான் சொல்வார்கள். அந்தப் பேர்தான் பொருத்தம் என்று எனக்குப் படுகிறது. அழுகை யாருக்கும் வரும். அதற்குள் ஒரு சேதியைச் சொல்ல முடிவதுதான் கலை. இரண்டடி சொல்லி, அதே இரண்டடியை ஒரு சொல் மாற்றித் திரும்பச் சொல்வார்கள். முதலில் பொன் வந்தால் அடுத்த முறை வெள்ளி வரும். முதலில் கிணறு வந்தால் பிறகு குளம் வரும். திரும்பச் சொல்லும் அந்த நேரத்தில் பாடுகிறவள் அடுத்த சேதியை யோசித்துக்கொள்வாள். கூட இருப்பவர்கள் மெட்டைப் பிடித்துக்கொள்வார்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தி, நின்ற நிலையில், செத்தவரின் பேரும் ஊரும் குணமும் பொருந்த ஒரு பாட்டைக் கட்டினாள் என்றால் அது இந்த அமைப்பினால்தான்.

அம்மா செத்தால் ஒரு பாட்டு, புருசன் செத்தால் ஒன்று, அண்ணன் தம்பிக்கு வேறொன்று. அம்மாவுக்கு அழும் மகள், இனிப் பிறந்த வீட்டு வாசலில் தன்னை யார் "வா" என்பார்கள் என்று கேட்பாள். அண்ணியின் முகச்சுளிப்பு அதில் வந்துவிடும். பங்கு பிரிக்கும்போது தனக்கு ஒரு குண்டுமணியும் வராத கதை வரும். குடித்துவிட்டு அடித்த புருசன் உயிரோடு பந்தலில் உட்கார்ந்திருக்கும்போதே அவன் அடித்த அடியும் பாட்டில் வரும். வேறு எந்த நாளில் சொன்னாலும் சண்டையாகிவிடும் பேச்சு அது. சாவு வீட்டில் பாட்டாகச் சொன்னால் தட்டிக் கேட்க யாருக்கும் உரிமை இல்லை.

தொல்காப்பியர் அழுகைக்கு நான்கு காரணம் சொல்கிறார்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இழிவுபட்டது, இழந்தது, நிலை தாழ்ந்தது, இல்லாமை. எழவு வீட்டுக்கு வருகிற பெண்ணுக்கு இந்த நான்கும் இருக்கும். செத்தவருக்குச் சேர வேண்டியது அதில் ஒன்றுதான். மீதி மூன்றையும் அவள் தன் வீட்டிலிருந்து கொண்டுவருகிறாள். பிரான்சில் பிறந்த மானிடவியலாளர் இசபெல் கிளார்க் டெசெஸ் தென்னாற்காட்டுப் பக்கத்துக் கிராமங்களில் தங்கி, நம் ஒப்பாரியைப் பற்றி எழுதிய ஆங்கிலப் புத்தகம் 2005இல் வந்தது. செத்தவர்களுக்காக யாரும் அழுவதில்லை என்பதே அதன் தலைப்பு. அவரவர் துக்கத்தைத்தான் அவரவர் அழுகிறார்கள் என்று அந்தப் பெண்களே அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அதைக் கேட்க அவர் கடல் கடந்து வந்தார். நமக்குப் பத்தடி தூரம். பந்தலின் மறுபக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தோம்.

இன்னொன்றும் உண்டு. ஒப்பாரியை வீட்டில் வைத்துப் பாடக் கூடாது. சும்மா இருக்கும்போது பாடினால் எழவைக் கூப்பிட்டது போலாகும் என்பது நம்பிக்கை. நாட்டுப்புறப் பாட்டுச் சேகரிக்கப் போனவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். தாலாட்டை வீட்டுத் திண்ணையில் பாடிக் காட்டுகிற பாட்டி, ஒப்பாரி என்றால் தோட்டத்துக்கோ களத்துமேட்டுக்கோ வந்துதான் வாய் திறப்பார். ஆகவே இந்தப் பாட்டுக்கு ஒத்திகை கிடையாது. அடுத்தவர் சாவில், மூத்தவள் தோளில் கை போட்டு, அவள் சொல்வதன் வாலைப் பிடித்தே ஒரு சிறுமி கற்றுக்கொண்டாள். எழவு வீடுதான் பள்ளிக்கூடம். அது நடக்கிற சில மணி நேரத்தையும் நாம் ஸ்பீக்கருக்குக் கொடுத்துவிட்டோம்.

*

தருமபுரிக்காரன் இதைக் கைவிட்டது மற்றவர் கைவிட்டதைவிடப் பெரிய தப்பு. ஏனென்றால் இது அதியமான்கள் ஆண்ட பழைய தகடூர்.

அதியமான்கோட்டையில் வள்ளல் அதியமான் கோட்டம் இருக்கிறது. அதியமானிடம் ஔவை நெல்லிக்கனி பெறும் காட்சி நம் மாவட்டத்தில் பள்ளிப் பிள்ளைக்கும் மனப்பாடம். மேடை ஏறும் அமைச்சர் தொடங்கி ஆண்டு விழா மாணவி வரை நெல்லிக்கனி இல்லாமல் பேச்சைத் தொடங்குவதில்லை. ஆனால் அதே ஔவை, அதே அதியமான் நெடுமான் அஞ்சி செத்தபோது அழுத பாட்டுகள் புறநானூற்றில் இருக்கின்றன. 231, 232, 235 என்று எண் சொல்லிக் காட்டலாம். கையறுநிலை என்று அதற்குத் துறை வகுத்தார்கள். 235ஆம் பாட்டில் அவன் ஆண்ட நாட்டின் பரப்பையோ வென்ற போர்களின் பட்டியலையோ ஔவை விரித்துக்கொண்டிருக்கவில்லை. கொஞ்சமாகக் கள் கிடைத்த நாளில் அவன் என்ன செய்தான், நிறையக் கிடைத்த நாளில் என்ன செய்தான், சோற்றை எப்படிப் பகிர்ந்தான் என்று சொல்லிச் சொல்லி அழுகிறார். என் அத்தை தெருமுனையில் தொடங்கியதும் இதே மாதிரி அழுகைதான். ஔவை கனி வாங்கியதை ஊருக்கெல்லாம் சொன்னோம். ஔவை அழுததை யாருக்கும் சொல்லவில்லை.

இதைவிட நம்மைக் குத்த வேண்டிய பாட்டு 230. தகடூர்ப் போரில் விழுந்த அதியமான் குலத்து எழினிக்கு இரங்கிப் பாடப்பட்டது. பாடியவர் அரிசில் கிழார். தகடூரை அழித்த சேரன் பெருஞ்சேரல் இரும்பொறையைப் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில் பாடிப் பரிசு பெற்றவர் அவர். வென்றவன் பக்கத்துப் புலவர், தோற்றுச் செத்தவனுக்கு அழுதிருக்கிறார். அந்த ஆள் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டிருக்கவில்லை. நல்லவன் போனான், அழுதார்.

இந்த மண்ணில் நடுகற்களும் ஏராளம். மாடு பிடிக்க வந்தவனோடு மோதி, தொறு மீட்டுப் பட்டவனுக்குக் கல் நட்டார்கள். எந்த மன்னனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர், யாருடைய ஆள் என்று வட்டெழுத்தில் வெட்டி வைத்தார்கள். தருமபுரி அகழ்வைப்பகத்தில் அவற்றை வரிசையாகப் பார்க்கலாம். வில்லும் வாளும் பிடித்த ஆண்கள். போருக்குப் போன ஆணுக்குக் கல் கிடைத்தது. பிரசவத்தில் செத்தவளுக்கும், பாம்பு கடித்துச் செத்த பையனுக்கும், கிணறு வெட்டும்போது மண் சரிந்து செத்தவனுக்கும் யார் கல் நட்டார்கள்? அவர்களுடைய பேரும் குணமும் கொஞ்ச காலம் ஊரில் தங்கியது பெண்களின் வாயில்தான். கல்லைக் காக்க ஒரு துறை வைத்தோம். வாயைக் காக்க ஒரு நோட்டுப் புத்தகம்கூட வைக்கவில்லை.

*

இனி நம் மேல் உள்ள குற்றங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதல் குற்றம் நம் வாயில் இருக்கிறது. "ஏன் இப்ப ஒப்பாரி வைக்கிற?" என்று பெண்டாட்டியைக் கேட்கிறோம். "பிலாக்கணம் பாடாதே" என்று அம்மாவை அடக்குகிறோம். இழவு என்று தொல்காப்பியர் எழுதிய சொல், நம் வாயில் "எழவெடுத்தவனே" என்று வசவாகிவிட்டது. சினிமாவில் ஒப்பாரி வைக்கும் கிழவியைக் கண்டால் தியேட்டரே சிரித்தது, நாமும் சேர்ந்து சிரித்தோம். பெண்ணின் துக்கத்தைத் தொந்தரவு என்று பேரிட்ட பிறகு, அதன் பாட்டு மட்டும் எப்படிப் பிழைக்கும்?

இரண்டாவது, படித்ததால் வந்த வெட்கம். நம்மில் பலர் குடும்பத்தில் முதலாவதாகக் கல்லூரிக்குப் போனவர்கள். கேழ்வரகுக் களியை ஒளித்தது போலவே ஒப்பாரியையும் ஒளித்தோம். களி பிறகு சர்க்கரை நோயின் புண்ணியத்தில் மரியாதையோடு திரும்பி வந்துவிட்டது. ஒப்பாரிக்கு அப்படி ஒரு டாக்டர் சீட்டு எழுதவில்லை. மாறாக, துக்கத்தை ஃப்ளெக்ஸ் பேனருக்கு மாற்றினோம். கண்ணீர் அஞ்சலி என்று மேலே எழுதி, செத்தவர் படத்தைவிட அஞ்சலி செலுத்துகிறவர்களின் படங்கள் கூடுதலாக இருக்கும்படி அடித்தோம். வாட்ஸ்அப்பில் "ஆழ்ந்த இரங்கல்" என்று அனுப்ப இரண்டு விநாடி ஆகிறது. அது போதும் என்று நினைத்தோம்.

மூன்றாவது, சீர்திருத்தத்தின் பேரில் செய்த சோம்பேறித்தனம். எழவு வீட்டில் கைவிட வேண்டியவை இருந்தன. புருசனை இழந்தவளின் வளையலை உடைத்ததும் பூவைப் பிய்த்ததும் கொடுமை. அதை நிறுத்தச் சொன்னவர்கள் சொன்னது சரி. ஆனால் அந்தச் சடங்கை வைத்துக்கொண்டு பாட்டை மட்டும் நிறுத்திய வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். வளையல் உடைக்கும்போது தன் கதியைச் சொல்லி அழுவதற்காவது அவளுக்கு முன்பு இடம் இருந்தது. இப்போது வளையலும் உடைகிறது, வாயும் மூடியிருக்கிறது.

நான்காவதைச் சொல்லக் கூசுகிறது. நான் ஊர்த்தெருக்காரன். ஊரில் பெரிய வீட்டுச் சாவு என்றால் காலனியிலிருந்து பெண்கள் வந்து, வாசலுக்கு வெளியே தள்ளி நின்று மாரடித்து அழ வேண்டும். ஆண்கள் வந்து பறையடிக்க வேண்டும். கொடுத்த நெல்லை வாங்கிக்கொண்டு போக வேண்டும். "கூலிக்கு மாரடிக்கிறது" என்று கேலியாகப் பழமொழி பேசுகிறோமே, கூலி கொடுத்து மாரடிக்க வைத்தது யார்? அவர்களுடைய பிள்ளைகள் படித்து, "சாவுக்கு அடிக்க மாட்டோம், அழ வர மாட்டோம்" என்று நிமிர்ந்தபோது, கலை அழிகிறதே என்று நாம் பெருமூச்சு விட்டோம். அவர்கள் விட்டது இழிவை. அந்த முடிவில் குறை சொல்ல ஊருக்கு யோக்கியதை இல்லை. நம் குற்றம் வேறு. காலனியில் சாவு விழுந்து பறைச் சத்தம் கேட்டால், "அந்தாண்ட யாரோ போயிட்டாங்க" என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தோம். பேர் கேட்கவில்லை. அவர்கள் நம் வாசலில் எத்தனை முறை அழுதார்கள்? அவர்கள் வாசலில் நாம் ஒரு முறையாவது போய் உட்கார்ந்தோமா?

*

கேட்காமல் போனது எவ்வளவு தூரம் இழுத்துப்போகும் என்பதற்கு நம் மாவட்டமே சாட்சி.

தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் சேலத்தில் தொடங்கி, 2001இல் தருமபுரிக்கும் வந்தது. எதற்காக வந்தது என்று நமக்குத் தெரியும். பிறந்த பெண் குழந்தை சில நாளில் இல்லாமல் போகும். பந்தல் கிடையாது, சொல்லி அனுப்ப மாட்டார்கள், பாட்டும் கிடையாது. அந்த அம்மாக்கள் எங்கே அழுதார்கள்? பல வருடம் கழித்து வேறு யாருடைய எழவிலோ, வேறு யாரையோ சாக்கிட்டு, தன் பெயரிடாத பிள்ளைக்கு ஒருத்தி இரண்டடி சொல்லியிருக்கலாம். நாம் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

1992 ஜூன் 20. அரூர் பக்கத்து வாச்சாத்தி. சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் மலைவாழ் மக்களின் அந்தச் சிற்றூருக்குள் புகுந்தன. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வீடுகள் சூறையாடப்பட்டன. தீர்ப்பு வந்தது 2011 செப்டம்பர் 29இல். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் செத்துப்போயிருந்தார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்றது தருமபுரி நீதிமன்றம். உயர் நீதிமன்றம் 2023இல் அதை உறுதி செய்தது. இடைப்பட்ட காலமெல்லாம் அந்தப் பெண்கள் தங்கள் துக்கத்தைச் சொன்னார்கள். விசாரணை அதிகாரியிடம் சொன்னார்கள், வக்கீலிடம் சொன்னார்கள், குறுக்கு விசாரணையில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். இடதுசாரிகளும் மலைவாழ் மக்கள் சங்கத்தாரும் கூட நின்றார்கள். தருமபுரி டவுனிலும் சுற்று வட்டாரத்திலும் இருந்த நாம்? எழவு விழுந்த வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போவது நம் பண்பு என்கிறோம். ஒரு ஊருக்கே எழவு விழுந்தபோது விசாரிக்கப் போனவர்கள் நம்மில் எத்தனை பேர்?

2012 நவம்பர் 7. சாதி மாறி மகள் திருமணம் செய்துகொண்ட துயரத்தில் ஒரு தகப்பன் உயிரை மாய்த்துக்கொண்டார். அன்று சாயங்காலம் நாயக்கன்கொட்டாய் பக்கத்து நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று தலித் குடியிருப்புகள் எரிந்தன. 250க்கும் மேற்பட்ட வீடுகள். அடுத்த ஆண்டு ஜூலையில், திருமணம் செய்த அந்த இளைஞரும் ரயில் பாதை ஓரம் பிணமாகக் கிடந்தார். அன்று எரிந்தது துக்கத்தின் தீ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது சாதி திரட்டி வைத்த கும்பலின் வேலை. ஒப்பாரி பாடியிருந்தால் கலவரம் நின்றிருக்கும் என்று சொல்லும் அளவுக்கு நான் குழந்தையும் இல்லை. நான் சொல்வது இதுதான்: ஒரு தகப்பனின் சாவைச் சாவாக வைத்து அழ நம்மால் முடியவில்லை. அது செய்தியாகி, கணக்காகி, ஆயுதமாகிவிட்டது. அந்த இளைஞரின் சாவை ஊர்த்தெருவில் யாரும் வாய்விட்டு அழவில்லை. எதிரி என்று நினைத்த பக்கத்தில் விழுந்த உயிருக்கும் அழலாம் என்று அரிசில் கிழார் பாடிய அதே தகடூரில்தான் இது நடந்தது.

இதைத் தெரியாமல் செய்தோம் என்று தப்பிக்கவும் வழியில்லை. நம் ஊர்களில் இன்றும் பாரதம் நடக்கிறது. பதினெட்டு நாள் பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் தெருக்கூத்து. கடைசி நாள் படுகளத்தில் துரியோதனனை மண்ணால் பெரிதாகச் செய்து மல்லாத்தியிருப்பார்கள். பாஞ்சாலி கூந்தல் முடிவாள். அதே களத்தில் காந்தாரி வந்து, செத்த மகனைப் பார்த்து மாரிலடித்து ஒப்பாரி வைப்பாள். வேசம் கட்டியவர் ஆண். சுற்றி நின்று கண் கலங்குகிறவர்களிலும் ஆண்கள் உண்டு. கதையில் கெட்டவன் அவன். ஆனாலும் ஊர் தன் மண்ணைக் குழைத்து அவனுக்கு உடம்பு செய்கிறது, அழ ஒரு தாயையும் அனுப்புகிறது. கூத்தில் தெரிந்த நியாயம் தெருவில் தெரியாமல் போனது நம் சூது.

*

2020இல் கொரோனா ஊரடங்கு வந்தது. சாவுக்கு 20 பேருக்கு மேல் கூடக் கூடாது என்றார்கள். அதில் நியாயம் இருந்தது. ஊரே பந்தலில் உட்கார முடியாமல் போன அப்போதுதான் நமக்குத் தொண்டை அடைத்தது. பிளாஸ்டிக் உறையில் சுற்றி வந்த அப்பாவைத் தள்ளி நின்று பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள், "வாய்விட்டு அழக்கூட முடியலையே" என்றார்கள். அந்த வார்த்தை எனக்கு அத்தையை ஞாபகப்படுத்தியது. அவருக்கு நோய் இல்லை, தடை உத்தரவு இல்லை. நான் இருந்தேன்.

மறு வருடம் ‘எஞ்ஜாய் எஞ்சாமி’ பாட்டு வந்தது. தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் கதையிலிருந்து பாடகர் அறிவு அதைக் கட்டினார். உள்ளே ஒப்பாரி இருந்தது. உலகம் கேட்டது, நாமும் காரில் போட்டு ஆடினோம். நம் வீட்டிலும் ஒரு வள்ளியம்மாள் இருந்தாரே, அவரிடம் என்ன கேட்டோம் என்று அந்தப் பாட்டு ஓடும்போது எத்தனை பேர் நினைத்தோம்?

அயர்லாந்தில் சாவுக்கு அழுது பாடும் பெண்களைப் பாதிரிமார் ஒரு காலத்தில் விரட்டினார்கள். அந்தப் பாட்டில் இன்று மிச்சம் இருப்பது கொஞ்சம். ஃபின்லாந்தில் கரேலியப் பெண்களின் அழுகைப் பாட்டை இப்போது வகுப்பு வைத்துக் கற்றுத்தருகிறார்கள். இழந்த பிறகு காசு கட்டிக் கற்றுக்கொள்கிறார்கள். நமக்கு இன்னும் முழுதாக அந்த நிலை வரவில்லை. அறுபது, எழுபது வயதுக்கு மேற்பட்ட பெரியம்மாக்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். சித்தேரி மலையிலும் வத்தல்மலையிலும் இருக்கிறார்கள். தெலுங்கும் கன்னடமும் பேசும் தெருக்களில், அந்த மொழிகளில் சொல்லி அழுகிறவர்களும் இருக்கிறார்கள். குரல் நடுங்குகிறது. ஆனால் பாட்டு இருக்கிறது.

இதை மேடையேற்றி விழா எடுக்கலாம் என்று யாராவது கிளம்பினால் நான் வர மாட்டேன். சால்வை போட்டு, மைக் கொடுத்து, ஐந்து நிமிடத்தில் ஒப்பாரி பாடச் சொல்வது இன்னொரு ஸ்பீக்கர் செட். அது வாழ வேண்டிய இடம் எழவு வீடு. அங்கேதான் நாம் அதை அடைத்தோம், அங்கேயேதான் திறந்துவிட வேண்டும்.

செய்ய முடிந்தது கொஞ்சம்தான். ஊரில் சாவு விழுந்தால் ஸ்பீக்கர்காரருக்குப் போன் போடுவதை ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்கள். நாற்காலிகளை ஒரு பக்கம் ஒதுக்கிப் பாய் விரியுங்கள். சிறுமிகளை உள்ளே போ என்று விரட்டாதீர்கள். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, ஆண்களும் பாட்டு கேட்கிற தூரத்தில் வந்து உட்காருங்கள். அதில் நம்மைப் பற்றி ஏதாவது வரும். வரட்டும். எழுதிக்கொள்வதாக இருந்தால், பாடியவரிடம் கேட்டு, பாட்டுக்குக் கீழே முதலில் அவர் பேரை எழுதுங்கள். காலனியில் பறைச் சத்தம் கேட்டால் எழுந்து போய், யார் என்று பேர் கேளுங்கள். கேட்டதோடு திரும்பாமல் அங்கேயும் கொஞ்ச நேரம் உட்காருங்கள்.

முக்கியமாக, அழுதுகொண்டு வருகிற ஒருத்தியிடம் "மெதுவா" என்று மட்டும் சொல்லாதீர்கள். அத்தை அன்று பாதியில் விட்ட அடியின் மீதி என்ன என்று நான் யாரிடம் போய்க் கேட்பது? அது தெரிந்தவர் ஒருவர்தான். அவரைப் புதைத்து வருடங்கள் ஆகிவிட்டன.